மூச்சுக் காற்றில் ஒரு சாட்சி

சென்னை ராயபுரத்திலிருந்து வடக்கு நோக்கி, திருவொற்றியூர் வழியாக எண்ணூர் வரை ஒரு முறையாவது போய்ப் பாருங்கள். காசிமேட்டு மீன்பிடித் துறைமுகம், துறைமுக வாயிலை நோக்கி ஊர்ந்து செல்லும் கன்டெய்னர் லாரிகள், அவற்றை நிறுத்தி நிறுக்கும் எடைமேடைகள், மேற்கே மணலியில் உயர்ந்து நிற்கும் ஆலைப் புகைபோக்கிகள் என்று காட்சிகள் மாறிக்கொண்டே வரும். இவற்றில் மூன்று பொருள்களை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று, மணலியில் தயாராகும் யூரியா. இரண்டு, எண்ணூர் மக்கள் நன்கு அறிந்த அம்மோனியா. மூன்று, லாரிகளை நிறுக்கும் எடைமேடை.

ஆனால் நாம் பேசப் போவது தொழிற்சாலைகளைப் பற்றி அல்ல. ஒரு குழந்தையின் இரைப்பையைப் பற்றி!

பத்து வயதுச் சிறுவன் ஒருவனை எடுத்துக்கொள்வோம். அவனுக்கு இரைப்பையில் புண். எண்டோஸ்கோப் என்னும் வளையும் குழாயை வாய் வழியாக இரைப்பைக்குள் செலுத்தி, டாக்டர் புண்ணைப் பார்த்தார். ஊசிமுனை அளவு சதையைக் கிள்ளி எடுத்துச் சோதித்தார். ஒரு கிருமி இருப்பது தெரிந்தது. பதினான்கு நாட்களுக்கு மருந்து கொடுத்தார். மருந்து முடிந்தது, வலியும் குறைந்தது. ஆனால் கிருமி ஒழிந்ததா? வலி நின்றதாலேயே கிருமி போய்விட்டது என்று சொல்ல முடியாது. மறுபடியும் குழாய் என்றால் பையன் அழுவான். சிறு குழந்தைகளுக்கு மயக்க மருந்தும் கொடுக்க வேண்டியிருக்கும். குழாய் இல்லாமல், கத்தி இல்லாமல், ஒரு ஊசிகூடக் குத்தாமல் இந்தக் கேள்விக்கு விடை காண வழி உண்டா?

உண்டு. பையன் ஒரு பையில் ஊதினால் போதும்! அது எப்படி என்று பார்ப்போம்.

அமிலத்தில் குடியிருக்கும் கிருமி

இரைப்பையில் சுரப்பது ஹைட்ரோகுளோரிக் அமிலம் என்று படித்திருப்பீர்கள். உணவோடு உள்ளே போகும் பெரும்பாலான கிருமிகள் அதில் மாண்டுபோகும். ஆகவே இரைப்பையில் எந்தக் கிருமியும் நிலையாகக் குடியிருக்க முடியாது என்றே மருத்துவர்கள் நெடுங்காலம் நம்பினர். வயிற்றுப் புண்ணுக்குக் காரணம் மிளகாயும் மனக்கவலையும்தான் என்றும் சொல்லிவந்தனர்.

1979இல் ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரத்தில் ராபின் வாரன் என்ற மருத்துவர், நோயாளிகளின் இரைப்பைச் சதையை நுண்ணோக்கியில் பார்த்தபோது வளைந்த உருவமுடைய பாக்டீரியாக்களைக் கண்டார். பாரி மார்ஷல் என்ற இளம் மருத்துவர் அவரோடு சேர்ந்துகொண்டார். அந்தக் கிருமியைத் தட்டில் வளர்க்க இருவரும் பலமுறை முயன்றும் முடியவில்லை. வழக்கமாக இரண்டு நாட்கள் பார்த்துவிட்டுத் தட்டுகளை எறிந்துவிடுவார்கள். 1982இல் ஈஸ்டர் விடுமுறை குறுக்கிட்டதால் தட்டுகள் கூடுதலாகச் சில நாட்கள் அப்படியே கிடந்தன. விடுமுறை முடிந்து வந்து பார்த்தால், கிருமி வளர்ந்திருந்தது! அது மெதுவாக வளரும் கிருமி. அதற்கு வேண்டியிருந்தது நேரம் மட்டுமே.

ஆயினும் பலர் நம்பவில்லை. 1984இல் மார்ஷல் அந்தக் கிருமி கலந்த நீரைத் தாமே குடித்துவிட்டார். சில நாட்களில் அவருக்கு வாந்தி வந்தது. எண்டோஸ்கோப் வைத்துப் பார்த்தபோது இரைப்பையின் உட்சுவர் அழற்சியுற்றிருந்தது. கிருமியும் அங்கே இருந்தது. 2005இல் இருவருக்கும் மருத்துவத்துக்கான நோபல் பரிசு கிடைத்தது. அந்தக் கிருமிக்கு 1989இல் இடப்பட்ட பெயர் ஹெலிகோபாக்டர் பைலோரி. ஹெலிகோ என்றால் சுருள். நாம் சுருக்கமாகப் பைலோரி என்றே அழைப்போம்.

பைலோரி பெரும்பாலும் குழந்தைப் பருவத்திலேயே தொற்றிக்கொள்கிறது. வாய் வழியாகவும், வாந்தி, மலம் இவற்றின் வழியாகவும் குடும்பத்துக்குள் ஒருவரிடமிருந்து மற்றவருக்குப் பரவுகிறது. இடநெருக்கடி மிகுந்த வீடுகளிலும், நல்ல தண்ணீரும் கழிப்பிட வசதியும் குறைந்த இடங்களிலும் இது மிகுதி. ஹைதராபாத்தில் செய்யப்பட்டு 1991இல் வெளியான ஓர் ஆய்வு, அங்கு இருபது வயதுக்குள்ளேயே பெரும்பாலோருக்கு இத்தொற்று ஏற்பட்டுவிட்டதைக் காட்டியது.

உடனே வயிற்றைப் பிடித்துக்கொண்டு அஞ்ச வேண்டாம்! தொற்றுள்ளவர்களில் பெரும்பாலோர் வாழ்நாள் முழுதும் எந்தத் தொல்லையும் இல்லாமல் இருக்கின்றனர். சிலருக்கு மட்டுமே புண் உண்டாகிறது. மிகச் சிலருக்குப் பல ஆண்டுகள் கழித்து இரைப்பைப் புற்றுநோய் வரக்கூடும். அதனால்தான் உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு 1994இல் பைலோரியைப் புற்றுநோய் உண்டாக்கும் காரணிகளின் பட்டியலில் சேர்த்தது.

மணலியில் கட்டுவதை இரைப்பையில் பிரிக்கிறது

அமிலத்தில் பைலோரி எப்படிப் பிழைக்கிறது? இங்குதான் மணலி நமக்கு உதவுகிறது.

மணலியிலுள்ள மெட்ராஸ் ஃபெர்டிலைசர்ஸ் ஆலை 1971இல் உற்பத்தியைத் தொடங்கியது. யூரியா ஆலை எதுவானாலும் அதில் நடப்பது ஒன்றுதான். அம்மோனியாவையும் கரியமில வாயுவையும் சேர்த்து யூரியா ஆக்குகிறார்கள். இதற்குச் சுமார் 180 பாகை செல்சியஸ் வெப்பமும், நம்மைச் சூழ்ந்துள்ள காற்றின் அழுத்தத்தைப் போல் நூற்றைம்பது மடங்கு அளவுக்கு அழுத்தமும் வேண்டும்.

பைலோரி இதையே தலைகீழாகச் செய்கிறது. நமது உடலிலும் யூரியா உண்டாகிறது என்பது உங்களுக்குத் தெரியும். இரத்தத்திலிருந்து சிறிதளவு யூரியா இரைப்பை நீருக்குள்ளும் கசிந்து வருகிறது. பைலோரியிடம் யூரியேஸ் என்ற என்சைம் ஏராளமாக இருக்கிறது. அந்த என்சைம், உலையும் அழுத்தமும் இல்லாமல், உடல் வெப்பத்திலேயே யூரியாவை உடைத்து அம்மோனியாவாகவும் கரியமில வாயுவாகவும் பிரித்துவிடுகிறது.

அம்மோனியாவை எண்ணூர்க்காரர்களுக்கு அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. 2023 டிசம்பர் 26ஆம் நாள் நள்ளிரவை ஒட்டி, எண்ணூர் பெரியகுப்பம் அருகே, கப்பலிலிருந்து வேறோர் உர ஆலைக்கு அம்மோனியா கொண்டுவரும் கடலடிக் குழாயில் கசிவு ஏற்பட்டது. கண் எரிச்சலும் மூச்சுத் திணறலுமாக மக்கள் வீடுகளை விட்டு வெளியே ஓடிவந்தனர். பலர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். அத்தனை கொடிய வாயு அது.

ஆனால் பைலோரி உண்டாக்குவது நம் மூக்குக்கு எட்டாத மிகச் சிறு அளவு. அம்மோனியா ஒரு காரம். காரம் என்றால் மிளகாய்க் காரம் அல்ல; வேதியியல் பாடத்தில் வரும் காரம்! காரம் அமிலத்தை நடுநிலையாக்கும் அல்லவா? ஆகவே பைலோரியைச் சுற்றியுள்ள அமிலம் மட்டும் தணிகிறது. அந்தக் காப்பிலேயே அது நீந்திச் சென்று, இரைப்பைச் சுவரைப் போர்த்தியிருக்கும் வழவழப்பான சளிப் படலத்துக்குள் புகுந்துகொள்கிறது.

அம்மோனியா காப்பாற்றுகிறது. கூடவே பிறந்த கரியமில வாயு? அது பைலோரிக்கு அவ்வளவாக வேண்டாத பொருள். இரைப்பைச் சுவர் வழியாக இரத்தத்தில் கலந்து, நுரையீரலுக்குப் போய், மூச்சுக் காற்றோடு வெளியேறுகிறது. கிருமி தன்னைக் காத்துக்கொள்ளச் செய்த தந்திரத்தின் சாட்சி இப்படி மூக்கு வழியே வெளியே வந்துவிடுகிறது!

செய்து பாருங்கள்

யூரியேஸ் பைலோரியிடம் மட்டுமல்ல, சோயா பீன்ஸ், தர்பூசணி விதை முதலியவற்றிலும் இருக்கிறது. ஆசிரியர் உடனிருக்க, ஒரு சிறு சோதனை செய்து பார்க்கலாம்.

மஞ்சள் தூளை நீரில் குழைத்து வெள்ளைத் தாளில் தடவிக் காயவைத்துக்கொள்ளுங்கள். இரண்டு கண்ணாடி டம்ளர்களில் பாதியளவு நீர் ஊற்றி, ஒவ்வொன்றிலும் ஒரு தேக்கரண்டி யூரியா உரத்தைக் கரையுங்கள். வறுக்காத, வேகவைக்காத சோயா பீன்ஸைப் பொடியாக்கி ஒன்றில் போடுங்கள். நன்றாக வேகவைத்த சோயா பீன்ஸை மசித்து மற்றொன்றில் போடுங்கள். ஒரு மணி நேரம் கழித்து, இரண்டிலும் மஞ்சள் தாளைத் தோய்த்துப் பாருங்கள். முதல் டம்ளரில் தோய்த்த தாள் சிவக்கும். அம்மோனியா பிறந்து நீர் காரத்தன்மை அடைந்துவிட்டது. இரண்டாவதில் தாள் மஞ்சளாகவே இருக்கும். வெந்தபோது என்சைம் செயலிழந்துவிட்டது. இதைச் சுவைத்துப் பார்க்கக் கூடாது. முடிந்ததும் பாத்திரங்களையும் கைகளையும் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். அந்த டம்ளர்களைச் சமையலறைக்குத் திரும்பக் கொண்டுபோக வேண்டாம்.

எண்டோஸ்கோப் மூலம் எடுத்த சதையை மருத்துவமனைகளில் சோதிக்கும் ஒரு முறையும் ஏறக்குறைய இதுவே. யூரியா கலந்த ஒரு கூழில் அந்தச் சதையை வைப்பார்கள். பைலோரி இருந்தால் கூழின் நிறம் மாறும்.

எண் எழுதிய கன்டெய்னர்

மூச்சில் கரியமில வாயு வந்தால் பைலோரி இருக்கிறது என்று சொல்லிவிடலாமா? முடியாது. நாம் எல்லோரும் எந்நேரமும் கரியமில வாயுவை வெளிவிட்டுக்கொண்டுதானே இருக்கிறோம்! அத்தனை வாயுவில், இரைப்பையிலிருந்து வந்தது எது என்று எப்படிப் பிரித்தறிவது?

துறைமுகத்தில் ஒரே மாதிரியான ஆயிரம் கன்டெய்னர்கள் இருந்தாலும், ஒன்றின் மேல் எண் எழுதியிருந்தால் அது எங்கே போனாலும் கண்டுபிடித்துவிடலாம். விஞ்ஞானிகள் யூரியாவுக்கும் அப்படி ஓர் அடையாளம் இட்டார்கள்.

கார்பன் அணுக்களில் பெரும்பாலானவை 12 என்ற எடையுடையவை. நூற்றுக்கு ஏறத்தாழ 1.1 அணு மட்டும் ஒரு நியூட்ரான் கூடுதலாகக் கொண்டு 13 என்ற எடையுடன் இருக்கும். இதுவே கார்பன்-13 என்ற ஐசோடோப். இது கதிரியக்கம் இல்லாதது. நாம் உண்ணும் சோற்றிலும் நம் உடலிலும் எப்போதும் இருப்பது. எனவே குழந்தைகளுக்கும் இதனால் தீங்கில்லை. கார்பன்-14 கொண்டு செய்யும் சோதனையும் உண்டு. ஆனால் அது சிறிதளவு கதிரியக்கம் உடையதாகையால் குழந்தைகளுக்கு அதைத் தவிர்க்கிறார்கள்.

வெறும் வயிற்றோடு வரும் சிறுவன் முதலில் ஒரு பையில் ஊதுகிறான். பிறகு கார்பன்-13 கொண்டு செய்த யூரியாவைப் புளிப்பான பானத்தில் கலந்து கொடுக்கிறார்கள். அளவு 50 அல்லது 75 மில்லிகிராம். ஒரு சிட்டிகை உப்பைவிடக் குறைவு. அரை மணி நேரம் கழித்து இரண்டாவது பையில் ஊதுகிறான். அவ்வளவுதான் அவன் வேலை.

இரைப்பையில் பைலோரி இல்லையென்றால், யூரியா உடையாமல் உடலில் கலந்து சிறுநீரில் போய்விடும். பைலோரி இருந்தால், அது யூரியாவை உடைக்கும்; கார்பன்-13 உள்ள கரியமில வாயு மூச்சில் வரும்.

இப்போது எடைமேடை. சாதாரணக் கரியமில வாயு மூலக்கூறின் எடை 44. கார்பன்-13 உள்ளதன் எடை 45. இந்த ஓர் அலகு வேற்றுமையைக் கண்டுபிடிக்கும் கருவிக்கு நிறை நிரல்மானி என்று பெயர். அகச்சிவப்புக் கதிர்களைக் கொண்டு இரண்டையும் பிரித்தறியும் சிறிய கருவிகளும் உண்டு.

எவ்வளவு நுட்பமான அளவு தெரியுமா? மூச்சிலுள்ள பத்து லட்சம் கரியமில வாயு மூலக்கூறுகளில், ஏறத்தாழ 11,000 மூலக்கூறுகள் இயல்பாகவே கார்பன்-13 உடையவை. யூரியா குடித்த பிறகு அது 11,044 ஆக உயர்ந்தால்கூடக் கருவி கண்டுபிடித்துவிடும். இந்த உயர்வு ஆயிரத்துக்கு நான்கு பங்கு. பல ஆய்வகங்கள் ஏறக்குறைய இதையே எல்லையாகக் கொள்கின்றன. இதற்கு மேல் போனால் பைலோரி இருக்கிறது என்று பொருள். அமெரிக்க மருத்துவர் டேவிட் கிரகாமும் அவருடைய குழுவினரும் இம்முறையை 1987இல் வெளியிட்டனர்.

சாட்சி தவறுவதும் உண்டு

எந்தச் சோதனையும் அதற்குரிய நிபந்தனைகளோடுதான் உண்மை சொல்லும். வெறும் வயிற்றோடு வரச் சொல்வதற்கு ஒரு சுவையான காரணம் உண்டு. கரும்பும் சோளமும் அரிசியைவிடச் சற்றுக் கூடுதலான கார்பன்-13ஐக் கொண்டவை. சோதனைக்கு நடுவே ஒரு கரும்புச் சர்க்கரை மிட்டாயைத் தின்றால் கணக்கு குழம்பிவிடக்கூடும்!

'கேஸ் மாத்திரை' என்று மருந்துக்கடையில் வாங்கி விழுங்குகிறோமே, அமிலச் சுரப்பைக் குறைக்கும் ஒமிப்ரசோல் போன்ற மருந்து, அது பைலோரியை அடக்கி ஒளித்துவைக்கும். கிருமி இருந்தும் இல்லை என்று விடை வரும். எனவே சோதனைக்கு இரண்டு வாரங்கள் முன்பே அதை நிறுத்தச் சொல்வார் டாக்டர். ஆன்டிபயாட்டிக் சாப்பிட்டிருந்தால் நான்கு வாரங்கள் காத்திருக்க வேண்டும்.

ஆறு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளிடம் வேறொரு தொல்லை. வாயிலுள்ள சில பாக்டீரியாக்களும் யூரியாவை உடைக்கக் கூடியவை. சிறு குழந்தை வெளிவிடும் கரியமில வாயுவின் மொத்த அளவே குறைவு. ஆகவே வாயிலிருந்து வந்த சிறிதளவும் அங்கே பெரிதாகத் தெரியும். கிருமி இல்லாமலே இருக்கிறது என்று விடை வந்துவிடலாம். உறிஞ்சு குழல் வைத்துக் குடிப்பதும் வாய் கொப்பளிப்பதும் இதைக் குறைக்கும்.

ஊதத் தெரியாத மழலைக்கு? அதற்கு இன்னொரு சாட்சி இருக்கிறது: மலம். முகம் சுளிக்காதீர்கள்! இரைப்பையிலிருந்து உதிரும் பைலோரியின் துணுக்குகள் மலத்தோடு வெளியேறும். இவற்றை ஆன்டிஜன் என்பார்கள். பூட்டுக்கேற்ற சாவிபோல அவற்றைப் பற்றிக்கொள்ளும் எதிர்ப்பொருள்களைக் கொண்டு ஆய்வகத்தில் கண்டுபிடிக்கிறார்கள். எந்த வயதிலும் இது செய்யலாம். ஒரு சிறு டப்பியில் கொண்டுபோய்க் கொடுத்தால் போதும். ஆனால் இங்கும் மருந்துகளை முன்கூட்டி நிறுத்த வேண்டும்.

இரத்தத்தில் பைலோரிக்கு எதிரான எதிர்ப்பொருள் இருக்கிறதா என்று பார்க்கும் சோதனையும் உண்டு. கேட்க எளிதாகத் தோன்றினாலும் குழந்தைகளுக்கு இது ஏற்றதன்று. மழை நின்ற பிறகும் தெரு ஈரமாக இருப்பதுபோல, கிருமி ஒழிந்த பிறகும் எதிர்ப்பொருள் நெடுநாள் இரத்தத்தில் தங்கியிருக்கும். இன்று கிருமி இருக்கிறதா என்ற கேள்விக்கு அது விடை சொல்லாது.

எப்போது கேட்பது?

இவ்வளவு எளிய சோதனை இருக்கும்போது, வயிறு வலிக்கிறது என்று சொல்லும் ஒவ்வொரு பிள்ளையையும் ஊதச் சொல்லலாமே என்று தோன்றும். கூடாது என்கிறார்கள் குழந்தை மருத்துவ வல்லுநர்கள். ஐரோப்பிய, வட அமெரிக்கக் குழந்தை இரைப்பை-குடல் மருத்துவச் சங்கங்கள் சேர்ந்து 2017இல் வெளியிட்ட நெறிமுறையும் இதையே சொல்கிறது. ஏன்?

பள்ளிப் பிள்ளைகளுக்கு அடிக்கடி வரும் வயிற்று வலியில் பெரும்பகுதிக்குப் பைலோரி காரணமல்ல. நம் நாட்டில் பலருக்கும் இந்தக் கிருமி இருப்பதால், சோதித்தால் பலருக்கு 'உண்டு' என்றே வரும். ஆனால் வலிக்குக் காரணம் வேறாக இருக்கும். தேவையற்ற மருந்தைத் தின்பதுதான் மிச்சம். இரத்த வாந்தி, கறுப்பு நிற மலம், எடை குறைதல், தூக்கத்திலிருந்து எழுப்பும் வலி ஆகியவை இருந்தால் டாக்டரிடம் தாமதமின்றிப் போக வேண்டும். அப்போது புண் இருக்கிறதா என்று நேரில் பார்க்கக் குழாய் தேவைப்படலாம். மூச்சுச் சோதனை கிருமியைச் சொல்லும், புண்ணைச் சொல்லாது.

அப்படியானால் மூச்சுச் சோதனை குழந்தைகளுக்கு எப்போது மிகவும் பயன்படுகிறது? நாம் தொடக்கத்தில் பார்த்த சிறுவனின் நிலையில்தான்: மருந்து முடிந்த பிறகு, கிருமி ஒழிந்ததா என்று அறிய.

நம் நாட்டில் அந்தக் கேள்வி மிக முக்கியமானது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் நுண்ணுயிரியல் பேராசிரியராக இருந்த எஸ்.பி. தியாகராஜனும் பிற நகரங்களின் ஆய்வாளர்களும் சேர்ந்து, சென்னை உட்பட இந்திய நகரங்களின் நோயாளிகளிடமிருந்து எடுத்த பைலோரியைச் சோதித்தனர். 2003இல் முடிவு வெளியாயிற்று. நான்கில் மூன்று பங்குக்கும் மேற்பட்ட கிருமிகளை மெட்ரோனிடசோல் என்ற மருந்தால் ஒன்றும் செய்ய முடியவில்லை! வேண்டாத நோய்க்கெல்லாம் ஆன்டிபயாட்டிக் சாப்பிடுவதாலும், பாதியில் நிறுத்துவதாலும் வந்த வினை இது. மருந்து சாப்பிட்டாயிற்று என்பதும் கிருமி ஒழிந்தது என்பதும் ஒன்றல்ல. ஆகவே மருந்து முடிந்து ஒன்று முதல் இரண்டு மாதங்கள் கழித்துச் சோதித்துப் பார்க்கிறார்கள். அவசரப்பட்டு மறுவாரமே சோதித்தால், அடங்கிக் கிடக்கும் கிருமி கண்ணில் படாது.

நம் சிறுவன் இப்போது இரண்டு பைகளிலும் ஊதிவிட்டான். முதல் பைக்கும் இரண்டாம் பைக்கும் வேற்றுமை இல்லை என்றால், அவன் குடித்த யூரியாவை உடைக்க உள்ளே யாரும் இல்லை. அவன் வீட்டுக்குப் போய் விளையாடலாம். வேற்றுமை இருந்தால், டாக்டர் வேறு மருந்துகளைத் தேர்ந்தெடுப்பார். இரண்டில் எதுவானாலும், அதைச் சொல்ல அவனை இன்னொரு முறை குழாய் விழுங்கச் செய்ய வேண்டியதில்லை.

உங்கள் வீட்டில் யாருக்கேனும் இச்சோதனை நடக்குமானால், ஒன்றை மட்டும் மறவாமல் கேளுங்கள்: "கடைசியாக எந்த மாத்திரையை எப்போது சாப்பிட்டீர்கள்?" அந்தப் பதிலை டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். சாட்சி உண்மை பேசுவதற்கு அதுவும் வேண்டும்.